டிபி மாத்திரை இலவசம்தான், மத்ததெல்லாம் காசு

திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லரா இருக்கேன். ஓவர்லாக் மெஷின். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம், கமுதிப் பக்கம். 2024 கடைசியில் எனக்கு நுரையீரலில் டிபின்னு கண்டுபிடிச்சாங்க. 2025 நடுவில் குணமாச்சு. இதை எழுதுறது, என்னை மாதிரி வெளியூரிலிருந்து வந்து லைன் வீட்டிலும் ஹாஸ்டலிலும் தங்கி வேலை பார்க்கிற பொண்ணுங்களுக்காக. நோயைப் பத்தி டாக்டருங்க நிறையவே சொல்லியிருக்காங்க. அந்த நோயோட சேர்ந்து வீட்டு ஓனர், கான்ட்ராக்டர், பேங்க் பாஸ்புக், ஊர்த் தெரு எல்லாம் வரிசையா வந்து நிக்கும்னு எனக்கு முன்னாடியே சொல்ல ஆளில்லாமப் போச்சு.

இருமல் ஆரம்பிச்சது ஆடி மாசம். கம்பெனியில் பஞ்சு பறந்துக்கிட்டே இருக்கும், லைனில் உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் இருமிக்கிட்டுத்தான் இருப்பாங்க. அதனால யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை, நானும் பெருசா எடுத்துக்கலை. சாயங்காலமானா உடம்பு கணகணன்னு இருக்கும். பழைய சுடிதார் தொளதொளன்னு ஆச்சு. கூட இருந்த புள்ளைங்க "டயட்டாக்கா?"ன்னு கிண்டல் பண்ணுச்சுங்க. கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓடின நேரம், தினமும் ஒன்றரை ஷிப்ட். ஷிப்டுக்கு 480 ரூபாய். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு காலையில்தான் தருவாங்க. காலையில் அங்க போய் நின்னா அன்னைக்கு ஷிப்ட் போச்சு, தொடர்ந்து லீவு போட்டா மெஷினும் போச்சு, வேற ஆளை உக்கார வச்சிருவாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிஞ்சு வர்றப்போ திறந்திருக்கிறது மெடிக்கல் ஷாப்பும் தெருமுனை கிளினிக்கும்தான். அதனால "இலவசம் இருக்கறப்போ ஏன் தனியாருக்குப் போனீங்க?"ன்னு பின்னாடி ஒரு டாக்டர் கேட்டப்போ எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்தது. ஷிப்டுக்குக் கூலி வாங்குறவளுக்கு எந்த ஆஸ்பத்திரிங்கிறதை கடிகாரம்தான் முடிவு பண்ணுது.

கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் ஒரு ஊசி, ஒரு கவர் மாத்திரை, ஒரு இருமல் டானிக். "டஸ்ட் அலர்ஜிம்மா, மாஸ்க் போடுங்க." ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டா நாலு நாள் நல்லா இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும். ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க, "லேசா நிமோனியா"ன்னாங்க. தீபாவளி வரைக்கும் இப்படியே 14 ஆயிரம் ரூபாய் போச்சு. போனஸ் வந்த கையோட போச்சுன்னே சொல்லலாம். இவ்வளவுக்கும் சளியைச் சோதிக்கணும்னு ஒரு ஆளும் சொல்லலை. இப்போ நான் சொல்றேன்: இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டினா, எந்த டாக்டரா இருந்தாலும் "சளி டெஸ்ட் எழுதிக் குடுங்க"ன்னு நீங்களே கேளுங்க. சில ஆன்டிபயாட்டிக் டிபியைக் கொஞ்ச நாள் அமுக்கி வச்சிரும், தெரியறதுக்கே லேட்டாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த டெஸ்ட்டுக்குக் காசில்லை. நகரத்தில் இருக்கிற நலவாழ்வு மையங்களில் சாயங்காலமும் ஓ.பி. பார்க்கிறாங்க. நான் தினமும் பஸ் ஏறுற ரோட்டிலேயே ஒண்ணு இருந்திருக்கு, போர்டை ஏறெடுத்துப் பார்த்தது கிடையாது.

சளி டெஸ்ட் பத்தி யாரும் வெளியில் பேச மாட்டாங்க, நான் விவரமாவே சொல்லிடறேன். கடைசியில் அரசு சுகாதார நிலையத்துக்குப் போனப்போ, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு குடுத்து "காலையில் எழுந்ததும் எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. எங்க லைன் வீட்டில் எட்டு வீட்டுக்கு ரெண்டு பாத்ரூம். விடியக்காலை நாலரைக்கே குடத்தோட வரிசை நிக்கும். அந்த வரிசைக்கு நடுவில், தகரக் கதவுக்குப் பின்னாடி நின்னு ஒரு பொம்பளை காறித் துப்ப முடியுமா? சத்தம் வராம, வாயில் இருந்ததைத் துப்பி மூடி எடுத்துட்டுப் போனேன். ரிசல்ட்டில் கிருமி இல்லைன்னு வந்தது. சந்தோஷமா வேலைக்குப் போயிட்டேன். இருமலில் ரத்தம் கலந்து வந்த பிறகுதான் திரும்ப அங்க போனேன். இந்தத் தடவை லேபில் இருந்த அக்கா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துட்டு, "இது எச்சில் கண்ணு, சளி இல்ல"ன்னு சொல்லி கட்டடத்துக்குப் பின்னாடி வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. "மூச்சை நல்லா இழுத்துப் புடி. விடு. மறுபடி இழு. இப்ப வயித்திலிருந்து இருமு. இங்க ஒருத்தரும் இல்ல, நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்"னாங்க. அப்போதான் கெட்டியா வந்தது. மெஷினில் போட்டுப் பார்த்து அன்னைக்கே சொல்லிட்டாங்க, டிபிதான், ஆனா முக்கியமான மருந்துக்குக் கட்டுப்படுற டிபின்னு. பின்னாடி படிச்சேன்: பாகிஸ்தானில் ராவல்பிண்டியில் இதையே ஆய்வாப் பண்ணி 2007-ல் வெளியிட்டிருக்காங்க. சளியை எப்படி எடுக்கணும்னு பெண்களுக்குக் கொஞ்ச நேரம் சொல்லிக் குடுத்ததுக்கே, நோய் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களோட எண்ணிக்கை கூடியிருக்கு. அதனால டப்பாவை வாங்கினா "எங்க வச்சு எடுக்கறது, எப்படி எடுக்கறது"ன்னு கூச்சப்படாமக் கேளுங்க. வீட்டில் முடியாதுன்னா அங்கேயே வெட்டவெளியில் எடுத்துக் குடுங்க. மூடின பாத்ரூமில் எடுக்கக் கூடாது, அடுத்து உள்ள வர்றவங்களுக்கும் ஆபத்து.

அன்னைக்கு எடை பார்த்தா 38 கிலோ. விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தாங்க, காலில் வீக்கம் இருக்கான்னு அமுக்கிப் பார்த்தாங்க, எதையும் பிடிச்சுக்காம எழுந்து நிக்கச் சொன்னாங்க. தமிழ்நாட்டில் 2022-லிருந்து, காசநோயில் சாவு வரக் கூடாதுன்னு ஒரு திட்டத்தில் இதை எல்லாருக்கும் பார்க்கிறாங்களாம். ரொம்ப மோசமா இருந்தா உடனே அட்மிட் பண்ணிடுவாங்க. எனக்கு அட்மிஷன் வேண்டியிருக்கலை. என் எடைக்குத் தினம் மூணு மாத்திரை. முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து கலந்தது, அப்புறம் நாலு மாசம் மூணு மருந்து கலந்தது. எல்லாம் இலவசம். வெளியில் வந்து படிக்கட்டில் உக்காந்து அழுதேன். சாகப் போறோம்னு பயம் வரலை. ஊரில் அண்ணன் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்தார், அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. போன் பண்ணினா, அவர் கேட்ட முதல் கேள்வி "வேற யாருக்கும் சொன்னியா?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்க பக்கம் ஒரு பையனுக்கு டிபி வந்தா "பாவம், உழைச்சு உழைச்சு வந்திருச்சு"ம்பாங்க, பொண்ணுக்கு வந்தா அவ தங்கச்சிக்குக்கூட வரன் வராது.

மறைச்சு வச்சுக்கலாம்னு பார்த்தேன். ஆனா இந்த மாத்திரை சாப்பிட்டா மூத்திரம் ஆரஞ்சுக் கலரில் போகும், கண்ணீர்கூட லேசா நிறம் மாறும். அது ரிபாம்பிசின்ங்கிற மருந்தோட நிறம், கெடுதல் ஒண்ணுமில்லை. ஆனா எட்டு வீட்டுக்குப் பொதுவான பாத்ரூமில், தண்ணி ஊத்துற ஊத்தில் நிறம் முழுசாப் போகலைன்னா? நான் பக்கெட் பக்கெட்டா ஊத்தறதைப் பார்த்து "இவ மட்டும் ஏன் இவ்வளவு தண்ணி செலவு பண்றா"ன்னு சண்டை வந்து, சண்டையில் விஷயம் வெளிய வந்திருச்சு. இந்த வீடு எனக்குக் கிடைச்சதே பெரும்பாடு. வாடகைக்குக் கேக்கப் போனா முதலில் "எந்த ஊருங்க?" அடுத்தது "ஊருப்பக்கம் நீங்க என்ன ஆளுங்க?" நான் காலனிப் பொண்ணு. இந்தக் கேள்வியிலேயே எத்தனையோ வீடு கைவிட்டுப் போய், கடைசியில் கேள்வி கேக்காத ஒரு ஓனர்கிட்ட 10 ஆயிரம் அட்வான்ஸ் குடுத்துக் குடி வந்தது. அந்த ஓனரம்மா வாசலில் நின்னபடியே, "குழந்தைங்க இருக்கிற இடமுங்க அம்மிணி, நீங்க வேற இடம் பார்த்துக்கங்க"ன்னாங்க. பெயிண்ட் அடிக்கணும்னு அட்வான்ஸில் 4 ஆயிரம் பிடிச்சுக்கிட்டாங்க.

அப்போ எனக்குத் தெரியாதது ஒண்ணு. ஒழுங்கா மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சா ரெண்டு வாரத்திலேயே அடுத்தவங்களுக்குப் பரப்புறது பெரும்பாலும் குறைஞ்சிரும். தட்டு, டம்ளர், துணி, பாத்ரூம் வழியா இது பரவாது, காத்து வழியாத்தான் பரவும். அதனால மாஸ்க்கும் திறந்த ஜன்னலும்தான் முக்கியம், தனித் தட்டு இல்ல. இதுக்குக் கதை இங்கேயே இருக்கு. சென்னை சேத்துப்பட்டில் இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1956-ல் ஆரம்பிச்சது. அங்க நெருக்கடியான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவை சானடோரியத்திலும் (டிபிக்காரங்களைத் தங்க வச்சுப் பார்க்கிற ஆஸ்பத்திரி) இன்னொரு பிரிவை வீட்டிலும் வச்சு வைத்தியம் பார்த்தாங்க. வீட்டில் இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க, கூட இருந்த குடும்பத்துக்கும் கூடுதலா நோய் தொத்தலை. 1959-ல் முடிவு வெளிவந்து, உலகமே அதைப் பார்த்துத்தான் வீட்டிலேயே மருந்து சாப்பிடுற முறைக்கு மாறுச்சு. அந்த ஆய்வு நடந்த இதே மாநிலத்தில்தான், 2024-ல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நான் ரோட்டில் நின்னேன். உங்க ஓனர் பேச்சைக் கேக்கிற ஆளா இருந்தா, சுகாதார நிலையத்திலிருந்து ஒருத்தரை வந்து பேசச் சொல்லுங்க. வருவாங்க. நான் கேட்டிருந்தா வந்திருப்போம்னு எங்க சிஸ்டர் சொன்னாங்க.

கம்பெனி விஷயம் நிதானமாப் படிங்க, நிறைய காசு போனது இங்கதான். நான் நாலு வருஷமா அதே மாடி, அதே மெஷின். ஆனா சம்பளம் குடுக்கிறது கான்ட்ராக்டர். சம்பளத்தில் இஎஸ்ஐக்குன்னு, அதாவது தொழிலாளிகளுக்கான அரசுக் காப்பீட்டுக்குன்னு, முக்கால் சதவீதம் பிடிக்கிறாங்க, முதலாளி பங்கு மூணேகால் சதவீதம். உடம்பு சரியில்லாம வேலைக்குப் போக முடியாட்டி, அதுக்கு முந்தின ஆறு மாசக் கணக்கில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தா, தினக்கூலியில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் குடுப்பாங்க. டிபி மாதிரி நீண்ட நோய்னா அதுக்கு மேலேயும் உண்டு, 80 சதவீதம், ரெண்டு வருஷம் வரைக்கும்கூட. ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் தொடர்ச்சியா இஎஸ்ஐயில் இருந்திருக்கணும். என் பேரில் பார்த்தா ஒரு வருஷம் சொச்சம்தான் இருக்கு! நடுவில் கான்ட்ராக்டர் மாறினதில் பழசு என்னாச்சுன்னே தெரியலை. காட்டியிருந்த கூலியும் 480 இல்லை, 350. கடைசியில் எனக்குக் கிடைச்சது 91 நாள் கணக்கு மட்டும், சுமார் 22 ஆயிரம். ஒழுங்கா இருந்திருந்தா ஆறு மாசமும் வீட்டிலிருந்தே சாப்பிட்டிருக்கலாம். பக்கத்து மாடியில் நேரடி கம்பெனி ரோலில் இருக்கிற கட்டிங் மாஸ்டருக்குப் போன வருஷம் இதே டிபி வந்தப்போ எல்லாம் கிடைச்சுது. ஒரே கூரை, ஒரே நோய்.

அதனால இப்பவே, உடம்பு நல்லா இருக்கிறப்பவே, உங்க பத்து இலக்க இஎஸ்ஐ நம்பரை வாங்கி வச்சுக்கங்க. இணையத்தில் போட்டா மாசா மாசம் எத்தனை நாள், எவ்வளவு கூலின்னு காட்டும். குறைச்சுக் காட்டியிருந்தா அப்பவே கேளுங்க, படுக்கையில் விழுந்த பிறகு கேட்டா பதில் வராது. அடுத்தது, மாத்திரை எங்க வாங்கினாலும் சரி, லீவுக்கான சான்றிதழ் இஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டர் குடுத்தாத்தான் செல்லும். முதல் நாளே அங்க போய்ப் பதிஞ்சிருங்க, பின்தேதி போட்டு வாங்கறது நடக்காத காரியம். நோய்க்கான தொகை வாங்கிக்கிட்டிருக்கிற காலத்தில் வேலையை விட்டு நிறுத்தக் கூடாதுன்னு அப்போ நடப்பில் இருந்த இஎஸ்ஐ சட்டத்தோட 73-ஆம் பிரிவு சொல்லுச்சு. டிஸ்பென்சரியில் ஒரு யூனியன் அண்ணன் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குடுத்தார். அதைக் காட்டின பிறகுதான் கான்ட்ராக்டர் "சரி சரி, குணமாகிட்டு வா"ன்னார்.

இருக்க இடமில்லாம ஊருக்குப் போனேன். திருப்பூரில் ஆரம்பிச்ச மருந்தை ஊரில் தொடரலாம், ஆரம்பிக்கும்போதே நிக்ஷய் நம்பர்னு டிபி நோயாளிக்கான ஒரு பதிவு எண் குடுப்பாங்க, அதைச் சொன்னா எந்த மாவட்டத்துக்கும் மாத்திக் குடுத்திருவாங்க. கிளம்பும்போது அந்த நம்பரும் ஒரு வாரத்துக்காவது கையில் மாத்திரையும் இல்லாம பஸ் ஏறாதீங்க. ஊரில் வேற மாதிரிச் சிக்கல். மாத்திரையை வச்சு தினமும் குடுக்கிறவங்க வீடு ஊருக்குள்ள இருந்தது. எங்க வீடு காலனியில். தினமும் அந்தத் தெருவில் நடந்து, அவங்க திண்ணைக்குக் கீழ நின்னு, அவங்க எட்டி நின்னு குடுக்கிற மாத்திரையை வாங்கி முழுங்கணும். அந்த எட்டி நிக்கிறது டிபிக்காகவா, வேற எதுக்காகவான்னு எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே பார்த்ததுதானே. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே நேரா போய், "மாசத்துக்கு மொத்தமாக் குடுங்க, எங்க மதினி பார்த்துக்கும்"னு கேட்டேன். குடுத்தாங்க. வீட்டு ஆளே மேற்பார்வை பார்க்கலாம், அது அனுமதிச்ச விஷயம்தான். தெருவுக்குள்ள போகப் பிடிக்காம மருந்தை விட்டவங்க எங்க காலனியில் எனக்கு முன்னாடியே இருந்திருக்காங்க. பாதியில் விட்டா மருந்துக்குக் கட்டுப்படாத டிபி வரலாம், அதுக்கு வைத்தியம் இன்னும் கொடுமை. வழி ஒத்துவரலைன்னா வழியை மாத்தச் சொல்லிக் கேளுங்க.

சத்துணவுக்குன்னு அரசு மாசம் 1,000 ரூபாய் கணக்கில் பேங்கில் போடுது. 2018-ல் 500-ஆ ஆரம்பிச்சது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆச்சு. என் அக்கவுண்டில் பழைய போன் நம்பர், ஆதார் இணைப்பும் இல்லை. அதைச் சரி பண்ண பேங்க் வாசலில் காத்துக் கிடந்து, பணம் வந்தப்போ நான் மூணு மாசம் மாத்திரை முடிச்சிருந்தேன். ஆனா முதல் ரெண்டு மாசம்தான் சாப்பாடு ரொம்பத் தேவை. வெறும் வயித்தில் மூணு மாத்திரையைப் போட்டுட்டு ரேஷன் அரிசிக் கஞ்சி குடிச்சா குமட்டிக்கிட்டு வரும். "முட்டை, பால், பருப்பு, கடலை நல்லாச் சாப்பிடுங்க"ன்னு டாக்டர் சொல்றப்போ, காதில் கிடந்த தோடுதான் ஞாபகம் வந்தது. அதை அடகு வச்சுத்தான் முட்டை வாங்கினேன். சாப்பாடும் மருந்து மாதிரிதான்னு ஜார்க்கண்டில் பண்ணின ஆய்வு காட்டியிருக்கு. சென்னை நிலையமும் அதில் உண்டு, 2023-ல் வெளிவந்தது. நோயாளியோட வீட்டு ஆட்களுக்கு மாசாமாசம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் குடுத்ததுக்கே, அவங்களுக்குப் புதுசா டிபி வர்றது ஏறக்குறைய 40 சதவீதம் குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான், அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும். பேங்க் பாஸ்புக்கை முதல் நாளே எடுத்துட்டுப் போய்ப் பதியச் சொல்லுங்க, ஆதார் இணைப்பு இருக்கான்னு அன்னைக்கே பாருங்க. பணம் வரலைன்னா 1800-11-6666-க்கு இலவசமா போன் பண்ணலாம், 104-லும் கேக்கலாம்.

அண்ணன் வீட்டில் எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்து, சின்னப் பையனுக்கு வராம தடுக்கிற மாத்திரையும் குடுத்தாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா திருப்பூரில் என்னோட ஒரே ரூமில் பாய் விரிச்சுப் படுத்த மூணு புள்ளைங்களை யாரும் கூப்பிடலை. படிவத்தில் "குடும்ப உறுப்பினர்கள்"னுதான் கேட்டாங்க, நானும் அண்ணன் குடும்பத்தைச் சொன்னேன். உண்மையில் நான் மாசக்கணக்கா இருமினது அந்தப் புள்ளைங்க முகத்துக்கு எதிர்லதான். ஊரிலிருந்து போன் பண்ணிச் சொன்னேன். ஒருத்தி போனை வச்சிட்டா. இன்னொருத்தி போய் எக்ஸ்ரே எடுத்தா, ஆரம்ப நிலை, இப்போ அவளுக்கும் முடிஞ்சிருச்சு. மூணாவது புள்ளை ஒடிசாக்காரி, அரைகுறைத் தமிழ். அவ எங்க போனான்னு தெரியலை, நம்பரும் மாறிருச்சு. நீங்க படிவம் நிரப்பும்போது ரூமில் கூட இருக்கிறவங்க பேரையும், லைனில் பக்கத்து மெஷின்காரங்க பேரையும் கேக்காமலே சொல்லிடுங்க.

ஆறு மாச மாத்திரை முடிஞ்சப்போ எடை 46. மறுபடி சளி பார்த்து கிருமி இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. முடிஞ்சதோட விட்டுடக் கூடாது, ரெண்டு வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டணும். முதலாவது முடிஞ்சுது, நல்லா இருக்கேன். திருப்பூருக்கே வந்துட்டேன், வேற கம்பெனி, இந்தத் தடவை நேரடி ரோலில். சேர்ந்த அன்னைக்கே இஎஸ்ஐ நம்பரைக் கேட்டேன், சூப்பர்வைசர் ஒரு மாதிரியா பார்த்தார். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கு.